கட்சி அனுப்பிய அட்டையைப் பார்த்து அப்படியே ஓட்டுப் போடலாமா?

தங்கச்சி, மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி கலிஃபோர்னியா வந்தீர்கள், இந்த வருஷம் சிட்டிசன் ஆகிவிட்டீர்கள், டெமாக்ரடிக் கட்சி என்று டிக் அடித்து வோட்டராகவும் பதிந்தாயிற்று. தபாலில் வந்த முதல் பாலட்டை, அதாவது ஓட்டுச்சீட்டைப் பிரித்தால் ஆட்களின் பெயர்களுக்குப் பிறகு ‘ப்ராப்’ (ப்ராபொசிஷன், ஒரு சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று வோட்டரிடமே நேராகக் கேட்பது) என்று நம்பர் போட்ட கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. கட்சியிலிருந்து ‘இதற்கு யெஸ், அதற்கு நோ’ என்று ஓர் அட்டையும் வந்திருக்கிறது. வீட்டுக்காரர், "அதைப் பார்த்து ரெண்டு பேரோடதையும் நானே நிரப்பிடறேன்" என்கிறார். அட்டையை நம்பலாமா, கட்சியில் பதிந்துவிட்டு அதை மீறினால் பிரச்சினை வருமா என்பது உங்கள் கேள்வி.

மீறினால் ஒன்றும் ஆகாது. ஓட்டு ரகசியம். இங்கே கட்சியில் பதிவது நம்மூரில் உறுப்பினர் அட்டை வாங்குவது மாதிரி இல்லை. அதிபர் வேட்பாளரைத் தேர்வு செய்யும் பிரைமரியில்தான் அதற்கு வேலை. ப்ராப் எல்லாருக்கும் ஒன்றுதான், கட்சியே வேண்டாம் என்று பதிந்தவருக்கும் அதே கேள்விகள்தான். (போகிற போக்கில் ஒன்று: ‘நான் எந்தக் கட்சியும் இல்லை’ என்று நினைத்துக்கொண்டு ‘அமெரிக்கன் இண்டிபெண்டென்ட்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தவர்கள் ஏராளம். அது ஒரு வலதுசாரிக் கட்சியின் பெயர். எந்தக் கட்சியும் வேண்டாம் என்றால் ‘நோ பார்ட்டி ப்ரிஃபரன்ஸ்’ கட்டம் தனியாக இருக்கிறது.)

நமக்குச் சின்னத்தைப் பார்த்துப் பட்டனை அமுக்கியே பழக்கம். அதனால் இந்த அட்டை வந்ததும் ஒரு நிம்மதி வரும், எனக்கும் வந்தது. ஆனால் இந்த ஏற்பாட்டின் பூர்வீகமே வேறு. சதர்ன் பசிபிக் ரயில்வே கம்பெனி இந்த மாநில அரசியலையே மடியில் கட்டிவைத்திருந்த காலம் அது. கவர்னராக வந்த ஹைரம் ஜான்சன், சட்டமன்றம் செய்யாததை ஜனங்கள் கையெழுத்துத் திரட்டித் தாங்களே சட்டமாக்கலாம் என்று 1911ல் கொண்டுவந்தார். கட்சிகளைத் தாண்டிப் போகப் போட்ட பாதையில் இப்போது கட்சிகளே வழிகாட்டி அட்டை கொடுக்கின்றன.

அதற்காக அட்டையைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. நானும் கட்டாயம் படிப்பேன், ஆனால் கடைசியில். யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதற்கு அது நல்ல தடயம். அதில் எந்த வரிக்கு எவ்வளவு மதிப்பு என்பதுதான் பழகப் பழகத் தெரியும்.

2024 நவம்பரில் பத்து ப்ராப் வந்தன. 2 முதல் 6 வரை ஐந்தும் சட்டமன்றமே வைத்தவை, 32 முதல் 36 வரை கையெழுத்துத் திரட்டி வந்தவை. சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் டெமாக்ரடிக் கட்சிக்காரர்கள்தான். அவர்களே வைத்த கேள்விக்கு அவர்கள் கட்சி ‘யெஸ்’ சொல்வதில் நமக்குப் புதிதாக என்ன தெரிந்துவிடப் போகிறது? அந்த ஐந்துக்கும் யெஸ்தான் சொன்னார்கள். கையெழுத்தில் வந்தவற்றைப் பற்றிக் கட்சி என்ன சொல்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்தத் தேர்தலில் ஜனங்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கமலா ஹாரிஸுக்கு இந்த மாநிலம் 58 சதவீதம் ஓட்டுப் போட்டது. அதே பாலட்டில் ப்ராப் 36, அதாவது திரும்பத் திரும்பக் கடையில் திருடுபவர்களுக்கும் சில போதைப்பொருள் குற்றங்களுக்கும் தண்டனையைக் கூட்டுவது. கட்சி ‘நோ’ என்றது, கவர்னர் நியூசமும் ‘நோ’ என்றார். 68 சதவீதம் பேர் ‘யெஸ்’ போட்டார்கள். சான் ஹோசே மேயரும் சான் ஃபிரான்சிஸ்கோ மேயரும், இருவருமே டெமாக்ரட்டுகள், கட்சிக்கு எதிர்ப்பக்கம் நின்றார்கள். வாடகைக் கட்டுப்பாட்டை ஊர்களே விரிவாக்கிக்கொள்ள விடும் ப்ராப் 33, குறைந்தபட்சச் சம்பளத்தை 18 டாலராக்கும் ப்ராப் 32, சிறைக் கைதிகளைக் கட்டாய வேலை வாங்குவதைத் தடுக்கும் ப்ராப் 6, உள்ளூர் வீட்டுவசதிக் கடன்பத்திரங்களுக்கு 55 சதவீத ஓட்டே போதும் என்ற ப்ராப் 5, எல்லாவற்றுக்கும் கட்சி யெஸ் என்றது, நான்கும் தோற்றன. கட்சி ஆளுக்கு ஓட்டுப் போட்ட கை, கட்சி அட்டையை ஓரமாக வைத்துவிட்டுத்தான் மற்ற பக்கத்தை நிரப்பியது. இங்கே யாரும் இதைத் துரோகம் என்று சொல்வதில்லை.

கட்சிக்குள்ளேயே பிளவு இருந்தால் அங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். 2022ல் ப்ராப் 30 வந்தது. வருஷம் 20 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்குக் கூடுதல் வரி போட்டு, மின்சாரக் கார்களுக்கும் காட்டுத்தீத் தடுப்புக்கும் கொடுப்பது. கேட்க டெமாக்ரடிக் கட்சிக்கென்றே செய்த மாதிரி இருக்கும், கட்சியும் யெஸ் என்றது. ஆனால் நியூசம் டிவி விளம்பரத்தில் வந்து ‘நோ போடுங்கள்’ என்றார். அந்த ப்ராப்புக்குப் பெரும்பணம் போட்டிருந்தது, ஊபர் மாதிரி ஆப்பில் கார் கூப்பிடும் லிஃப்ட் கம்பெனி. வாடகைக் கார் கம்பெனிகள் படிப்படியாக மின்சாரக் கார்களுக்கு மாற வேண்டும் என்று மாநிலம் ஏற்கெனவே விதி போட்டிருந்தது. அந்தச் செலவை வரிப் பணத்தில் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்பது கவர்னரின் வாதம். ப்ராப் தோற்றது. யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அட்டையில் ‘30 யெஸ்’ என்று இரண்டே வார்த்தை, பின்னால் இவ்வளவு கதை.

கட்சியின் சொந்தப் பிழைப்பைத் தொடும் கேள்வி என்றால் நான் இன்னும் உஷாராகிவிடுவேன். 2010ல் வந்த ப்ராப் 14, பிரைமரியில் எல்லாக் கட்சி ஆட்களும் ஒரே பட்டியலில் நிற்பார்கள், முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போவார்கள் என்றது. எதிலும் ஒத்துப்போகாத டெமாக்ரடிக், ரிபப்ளிகன் கட்சிகள் இரண்டும் கைகோத்து ‘நோ’ என்றன. ஜனங்கள் யெஸ் போட்டு ஜெயிக்க வைத்தார்கள். 2025 நவம்பர் ப்ராப் 50 தொகுதி எல்லை பற்றியது. டெக்சஸில் ரிபப்ளிகன்கள் தங்களுக்குச் சாதகமாக வரைந்ததற்குப் பதிலடியாக இங்கே டெமாக்ரட்டுகள் வரைந்த வரைபடத்தை 2030 தேர்தல் வரை ஏற்பதா என்று கேட்டார்கள். சுமார் 64 சதவீதம் பேர் ஏற்றார்கள். அதில் கட்சியின் பரிந்துரை என்று தனியாக ஒன்று இருக்க வழியே இல்லை, கேள்வியே கட்சிதான்.

நம் ஆட்கள் வட்டத்தில் அதிகம் அடிபடும் இரண்டைச் சொல்லியாக வேண்டும். ஒன்று 2020ன் ப்ராப் 16. அரசுக் கல்லூரி அட்மிஷனிலும் அரசு வேலையிலும் இனம், பாலினம் பார்க்கக் கூடாது என்று 1996ல் ப்ராப் 209 போட்ட தடையை நீக்குவது. கட்சி யெஸ் என்றது. ஃப்ரீமான்ட், கூப்பர்டினோ பக்கம் இந்திய, சீன வீடுகளில் பிள்ளைக்கு யூ.சி. (மாநில அரசின் யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) சீட் கிடைக்குமா என்ற பயத்தில் எதிர்ப்பு பலமாக இருந்தது. எங்கள் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை விட வரும் பெற்றோரே வாசலில் இரண்டு கட்சியாக நின்று பேசினார்கள். இடஒதுக்கீட்டால் படித்து மேலே வந்தவர்களும் அதில் இருந்தார்கள், இரண்டு பக்கத்திலும். 57 சதவீதம் பேர் நோ போட, தடை அப்படியே நிற்கிறது.

இன்னொன்று வீட்டு வரி. நீங்கள் வீடு வாங்கும்போது 1978ன் ப்ராப் 13ஐ நேரிலேயே சந்திப்பீர்கள். வாங்கிய விலையில் ஒரு சதவீதம் அடிப்படை வரி, அந்த மதிப்பு வருஷத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறாது, விற்றால்தான் புது மதிப்பு. அதனால் எங்கள் தெருவில் எழுபதுகளில் வாங்கிய பாட்டியம்மாவும் போன வருஷம் வாங்கிய பையனும் ஒரே அளவு வீட்டுக்குக் கட்டும் வரி மலைக்கும் மடுவுக்கும். கடை, ஆபீஸ் கட்டடங்களுக்கு மட்டும் இந்தச் சலுகையை எடுக்கலாம் என்று 2020ல் ப்ராப் 15 வந்தது. கட்சி யெஸ், முடிவு 48க்கு 52 என்று தோல்வி. இந்த மாதிரிக் கேள்விகளில் உங்கள் பாக்கெட் எந்தப் பக்கம், உங்கள் மனசு எந்தப் பக்கம் என்று நீங்களேதான் பார்க்க வேண்டும், அட்டை அதைச் சொல்லாது.

சரி, அட்டைக்கு முன்னால் எதைப் படிப்பது? மாநிலத்தின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம் ஒரு புத்தகம் அனுப்பும், வோட்டர் கைடு. விளம்பரத் தாள்களோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்தியில் கூட வருகிறது, தமிழில் இல்லை. முதல் சில பக்கங்களிலேயே ஒவ்வொரு ப்ராப்புக்கும் ‘யெஸ் போட்டால் இது, நோ போட்டால் இது’ என்று இரண்டு பெட்டி இருக்கும். உள்ளே லெஜிஸ்லேட்டிவ் அனலிஸ்ட் என்ற கட்சி சாராத அலுவலகம் செலவுக் கணக்கைப் போட்டிருக்கும். 2024ல் பள்ளிக்கூடங்களுக்கு 1,000 கோடி டாலர் கடன்பத்திரம் என்ற ப்ராப் 2க்கு, திருப்பிக் கட்ட வருஷத்துக்குச் சுமார் 50 கோடி டாலர் வீதம் 35 வருஷம் ஆகும் என்று அங்கேதான் இருந்தது. கட்சி அட்டையில் அந்த வரி வராது. ஆதரவு, எதிர்ப்பு வாதங்களை நான் மேலோட்டமாகத்தான் பார்ப்பேன், கையெழுத்துப் போட்டிருப்பது யார் என்பதை மட்டும் கவனமாக.

யெஸ், நோ இரண்டும் குழப்பும் இடம் ஒன்று உண்டு: ரெஃபரண்டம். சட்டமன்றம் ஏற்கெனவே போட்ட சட்டத்தை யாராவது கையெழுத்துத் திரட்டி நிறுத்திவைத்திருப்பார்கள். அங்கே யெஸ் என்றால் சட்டம் இருக்கட்டும் என்று அர்த்தம். 2022ன் ப்ராப் 31ல், வாசனை சேர்த்த புகையிலைக்குப் போட்ட தடையை எதிர்த்துக் கையெழுத்துத் திரட்டப் பணம் போட்டது சிகரெட் கம்பெனிகள். தடை வேண்டும் என்பவர்கள் யெஸ் போட வேண்டியிருந்தது, அது ஜெயித்தது.

உங்களுக்கு வந்த அட்டை கட்சியுடையதுதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஸ்லேட் மெயிலர் என்று ஒரு வியாபாரமே நடக்கிறது. டெமாக்ரட், முற்போக்கு என்றெல்லாம் பெயர் வைத்து, டெமாக்ரடிக் கட்சியின் நீலக் கலரில் பரிந்துரை அட்டை அடித்து, அதில் இடத்தைக் காசுக்கு விற்பார்கள். 2020ல் ஊபர், லிஃப்ட், டோர்டேஷ் எல்லாம் சேர்ந்து 20 கோடி டாலருக்கு மேல் கொட்டி, டிரைவர்களைத் தொழிலாளர்களாகக் கணக்கிடாமல் இருக்க ப்ராப் 22ஐக் கொண்டுவந்தன. டெமாக்ரடிக் கட்சி அதை எதிர்த்தது. ஆனால் முற்போக்குப் பெயரில் வந்த மெயிலர்கள் ‘22 யெஸ்’ என்றன! காசு கொடுத்து இடம் பிடித்தவர்களுக்குப் பக்கத்தில் ஒரு குறி போட வேண்டும், இது கட்சி அமைப்பு வெளியிட்டதல்ல என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சின்ன எழுத்தைத் தேடிப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் கட்சியின் சொந்த வெப்சைட்டில் பட்டியல் இருக்கும், ரிபப்ளிகன் கட்சியும் வெளியிடுகிறது. நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இரண்டும் ஒரே பதில் சொன்னாலும் சரி, ஒன்று மௌனமாக இருந்தாலும் சரி, அங்கே ஏதோ இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் பதில் போட வேண்டும் என்றில்லை. புரியாததை வெறுமனே விடலாம், மற்ற ஓட்டுகள் செல்லும்.

கடைசியாக, வீட்டுக்காரர் சொன்னது. அவர் உங்களோடு உட்கார்ந்து பேசலாம், சண்டை கூடப் போடலாம். உங்கள் பாலட்டை நிரப்புவது நீங்கள்தான், அதைத் திருப்பி அனுப்பும் உறையில் உங்கள் கையெழுத்தை அவர் போடுவது குற்றம். கூடவே இருக்கும் உங்கள் மைத்துனர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். டி.எம்.வி.யில் லைசென்ஸ் எடுக்கும்போது சிட்டிசனா என்ற கேள்வியில் அவர் கை தவறிக் கூட யெஸ் அடித்துவிடக் கூடாது. சிட்டிசன் அல்லாதவர் வோட்டராகப் பதிந்தால் பின்னால் கிரீன் கார்டுக்கே உலை வைத்துவிடும். உறைக் கையெழுத்தை உங்கள் லைசென்ஸிலும் வோட்டர் பதிவிலும் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பாங்க்கில் தமிழிலும் டி.எம்.வி.யில் இங்கிலீஷிலும் போடுகிறவர் என்றால் டி.எம்.வி.யில் போட்டதையே இங்கும் போடுங்கள். பொருந்தவில்லை என்றால் உங்கள் கவுண்ட்டி (மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலகத்திலிருந்து சரிசெய்யச் சொல்லிக் கடிதம் வரும், அதற்குத் தேதிக்குள் பதில் அனுப்பினால் ஓட்டு எண்ணப்படும்.