இன்ஜின் கவருக்கு வீட்டிலேயே பெயின்ட்: கேட்டவர்களுக்குப் பதில்

போன வாரம் என் பழைய காரின் இன்ஜின் கவருக்கு, அதாவது பானெட்டைத் திறந்தால் இன்ஜின் மேல் தெரியும் பிளாஸ்டிக் மூடிக்கு, சிவப்படித்துப் படம் போட்டாலும் போட்டேன், ஆளாளுக்குக் கேள்வி. தண்டையார்பேட்டையில் டிங்கரிங், பெயின்டிங் செய்து பிழைப்பவன் நான், கைக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, இன்ஜின் சூடாகுமே, 600 டிகிரி தாங்கும்னு போட்ட ஹீட் ப்ரூஃப் பெயின்ட்தானே வாங்கணும்?

முக்கால்வாசிப் பேர் காசு விடுவது இங்கேதான். அது சைலன்சருக்கும், இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் உள்ள சரக்கு. அடித்த பிறகு 200 டிகிரி பக்கம் சூடு ஏறினால்தான் அது இறுகும். பிளாஸ்டிக் கவருக்கு அவ்வளவு சூடு வராது, வந்தால் கவரே மிஞ்சாது. சூடு காணாத ஹீட் ப்ரூஃப் பெயின்ட் நகம் பட்டாலே கையோடு வரும். பிளாஸ்டிக்குக்குச் சாதாரண அக்ரிலிக் ஸ்ப்ரே போதும். அதற்குக் கீழே இன்ஜினின் மேல்பக்கத்தை மூடியபடி அலுமினியத்தில் டேப்பெட் கவர் இருக்கிறதே, அது வேறு. ஆயில் சூட்டில் 100 டிகிரியைத் தொட்டுவிட்டு வரும், அதற்கு இன்ஜின் எனாமல் என்று தனியாகக் கிடைக்கிறது.

வியாசர்பாடி: அடிச்ச பெயின்ட் ஒரே மாசத்துல தோல் மாதிரி உரியுதுண்ணா, ஏன்?

கவரைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள், உள்பக்கம் என்ன பிளாஸ்டிக் என்று எழுத்து பதித்திருக்கும். ‘பிஏ’ என்றால் நைலான், நன்றாக உரசிவிட்டால் பெயின்ட் பிடித்துக்கொள்ளும். ‘பிபி’ என்றால் பாலிப்ரோப்பிலீன், அதன் மேல் எதுவுமே லேசில் ஒட்டாது. பிளாஸ்டிக் பிரைமர் என்று கேட்டு வாங்கி முதலில் அதை ஒரு கை அடித்துவிட்டு, டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் கலர் போட வேண்டும். நீங்கள் நேரடியாகக் கலர் அடித்திருப்பீர்கள், சரிதானே? முழுசாகச் சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள், மேலேயே இன்னொரு கோட் அடித்தால் அதுவும் சேர்ந்து உரியும்.

ராயபுரம்: சார், பெயின்ட் அங்கங்கே விலகிக் குட்டிக் குட்டியாகக் குழி விழுகிறது. டப்பா பழசா?

டப்பா மேல் பழி போடாதீர்கள். இதற்கு எங்கள் தொழிலில் ஃபிஷ் ஐ என்று பேர், காசிமேடு பக்கத்திலேயே இருந்துகொண்டு உங்களுக்கு மீன் கண் தெரியாதா என்ன! சர்வீஸுக்கு விட்டபோது பானெட்டுக்குள் பளபளவென்று ஒரு பாலிஷ் அடித்துக் கொடுத்திருப்பார்கள், அதில் இருக்கும் சிலிகான்தான் பெயின்ட்டைத் தள்ளுகிறது. உரசினால் போய்விடும் என்று நினைத்து நேராக உப்புத்தாளை எடுத்தால், சிலிகானை இன்னும் ஆழமாகத் தேய்த்து ஏற்றுவீர்கள். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவி, காயவைத்து, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, அதற்கப்புறம் 400 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) உரசல், மறுபடி கழுவி மறுபடி துடைப்பு. துடைக்கிற துணியை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். என் கணக்கில் அரை நாள் கழுவல், முக்கால் மணி நேரம் பெயின்ட், வேலையே அவ்வளவுதான்.

திருவொற்றியூர்: மொட்டை மாடியில் அடிக்கலாமா?

அடிக்கலாம், காலையிலேயே முடித்துவிடுங்கள். மதியத்தை ஒட்டிக் கடல் காற்று கிளம்பிவிட்டால் உப்பு ஈரமும் கன்டெய்னர் லாரி கிளப்புகிற புழுதியும் சேர்ந்து உங்கள் கவரில்தான் உட்காரும். தரையில் தண்ணீர் தெளித்து, ஈரம் இழுத்த பிறகு தொடங்குங்கள். மே மாத உச்சி வெயிலும் வேண்டாம், பெயின்ட் காற்றிலேயே காய்ந்து மாவு மாதிரி விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துப்போகும்.

எத்தனை கோட்?

மெல்லிசாக மூன்று. ஒரு சாண் தூரத்திலிருந்து, பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில். முதல் கோட்டிலேயே மூடப் பார்த்தால் வழியும்.

பெரம்பூரிலிருந்து ஒரு அக்கா: பையன் வீட்டுக்குள்ளேயே அடிக்கிறேன்னு நிக்கிறான் தம்பி, பரவாயில்லையா?

வேண்டாம் அக்கா. ஸ்ப்ரேயில் வருவது எரிகிற வாயு, சமையலறை அடுப்புப் பற்றவைத்தால் போதும். கர்ச்சீப் கட்டினால் புகை நிற்காது, கார்பன் வடிகட்டி போட்ட மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். கலருக்கு மேல் பளபளப்புக்காக அடிக்கிற, ஹார்ட்னர் கலக்கும் கிளியர் கோட் பக்கமே அவன் போக வேண்டாம், அதில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழாயைக் கெடுக்கும். அதைப் பெயின்ட் பூத்தில் (புகையை வெளியே இழுக்கும் தனி அறை) அடிப்பதுதான் முறை.

கவர் மட்டும் எதுக்கு, உள்ளே மொத்தமும் அடிச்சுட்டா?

பெல்ட், ரப்பர் ஹோஸ், ஆல்டர்னேட்டர், சென்சார், எர்த் போல்ட் எதிலும் படக்கூடாது. முக்கியமாகச் சேசிஸ் நம்பர். பல வண்டிகளில் அது பானெட்டுக்குள்ளேதான் பதித்திருக்கும். 15 வருஷம் கழித்து ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது பென்சில் தேய்த்து அந்த நம்பரை எடுப்பார்கள், உங்கள் பெயின்ட் கோட் அந்த நம்பரின் பள்ளத்தை நிரப்பியிருந்தால் அங்கேயே நின்று சுரண்ட வேண்டியதுதான், நான் சுரண்டியிருக்கிறேன்.

காசிமேட்டுத் தம்பி மறுபடி: சாயங்காலமே மாட்டிடலாமா அண்ணா?

தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஒரு நாள் முழுசாக விடுங்கள், ரப்பர் கிளிப்புகளைத் தனியே எடுத்து வைத்திருந்தால் அப்போது மாட்டலாம். அதுவரை கவர் இல்லாமலே வண்டி ஓடும், கொஞ்சம் சத்தம் கூடும். சில வண்டிகளில் மட்டும் ஏர் ஃபில்டரே அந்தக் கவருக்குள் இருக்கும், உங்களுடையது அப்படி என்றால் அன்றைக்கு பஸ்ஸில் போங்கள்.