மெய்நிகர் இயந்திரச் சாதன வரிசைகள்: அமைப்புகளை ஆவணப்படுத்துவது பற்றிய கேள்வி பதில்

கேள்வி: லிப்வர்ட்டில் (மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் மென்பொருள்) நெட்வொர்க் கார்டுக்குக் கொடுக்கும் ‘கியூஸ்’ (queues, வரிசைகள்) அமைப்புக்கு, “வரிசைகளின் எண்ணிக்கை” என்று ஒரு வரி எழுதினால் போதாதா?

பதில்: போதாது, அந்த வரி பெயரையே மறுபடியும் சொல்கிறது. அங்கே 4 என்று கொடுத்தால் 4 இணைகள் உருவாகும். பெறுவதற்கு 4, அனுப்புவதற்கு 4 என மொத்தம் 8 வரிசைகள், கட்டுப்பாட்டு வரிசை தனி. மெய்நிகர் இயந்திரத்தை இயக்கும் நிரலான கெமுவை நேரடியாக இயக்குபவருக்கு வெக்டர்களின் (சாதனம் சிபியுவுக்கு அனுப்பும் குறுக்கீட்டு அறிவிப்புகள்) எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும்: 8 வரிசைகளுக்கு 8, கட்டுப்பாட்டு வரிசைக்கு 1, அமைப்பு மாறியதை அறிவிக்க 1, ஆக 10. இவற்றைவிட முக்கியமானது, பலரும் எழுதாமல் விடுவது: ஹோஸ்ட்டில் (மெய்நிகர் இயந்திரத்தைத் தாங்கும் கணினி) கொடுப்பது உச்சவரம்பு மட்டுமே. கெஸ்ட்டில் (மெய்நிகர் இயந்திரத்துக்குள்) உள்ள டிரைவர் கட்டுப்பாட்டு வரிசை வழியாகக் கேட்கும் வரை சாதனம் முதல் இணையை மட்டுமே பயன்படுத்தும் என்பது மெய்நிகர் சாதனங்களுக்கான தரநிலையான விர்ட்டியோவின் விதி. ஆகவே, லினக்ஸ் கெஸ்ட்டில் நெட்வொர்க் கார்டின் அமைப்புகளைக் காட்டும் ஈத்டூல் கட்டளையால் எத்தனை இணைகள் இயங்குகின்றன என்று பார்ப்பதையும், வேண்டுமானால் மாற்றுவதையும் அதே பத்தியில் எழுதுங்கள்.

கேள்வி: வரிசையின் நீளத்துக்கு எந்த வரம்பைக் குறிப்பிடுவது?

பதில்: விர்ட்டியோ நெட்வொர்க் கார்டில் இயல்பு மதிப்பு 256, உச்சம் 1024, இரண்டின் அடுக்காகவும் இருக்க வேண்டும். ஆனால் அனுப்பும் வரிசை சாதாரண டேப் (ஹோஸ்ட்டின் மெய்நிகர் நெட்வொர்க் இடைமுகம்) இணைப்பில் 256-ஐத் தாண்டாது. விஹோஸ்ட்-யூசர் (ஹோஸ்ட்டில் தனி நிரல் ஒன்று தரவைக் கையாளும் முறை) போன்ற பின்தளங்களில்தான் தாண்டும். வரம்பு எதைச் சார்ந்தது என்று சொல்லாமல் 1024 என்று மட்டும் அச்சிட்டால் படிப்பவர் வீணாக அலைவார்.

கேள்வி: விர்ட்டியோ வட்டின் வரிசை எண்ணிக்கைக்கு இயல்பு மதிப்பு “தானியங்கி” என்று எழுதலாமா?

பதில்: அதன் விதியோடு சேர்த்து எழுதலாம். கெமு 5.2 முதல், பிசிஐ வழி இணையும் விர்ட்டியோ வட்டுக்கு அது மெய்நிகர் சிபியுக்களின் எண்ணிக்கைக்குச் சமம். அதற்கு முன் 1. கெமு புதியதாக இருந்தாலும், இயந்திரம் பழைய மெஷின் டைப்பில் (கெமு உருவாக்கிக் காட்டும் கணினியின் வகையும் பதிப்பும்) இயங்கினால் 1 ஆகவே நீடிக்கும். பதிப்பு எண்ணை மட்டும் எழுதும் ஆவணம் இந்த இடத்தில் தவறாகிவிடும்.

கேள்வி: விர்ட்டியோ ஸ்கஸியிலும் (வட்டுகளை இணைக்கும் மற்றொரு வகைச் சாதனம்) இதே விளக்கம் போதுமா?

பதில்: போதும். கொடுக்கும் எண் கோரிக்கை வரிசைகளை மட்டுமே குறிக்கும் என்றும், கட்டுப்பாட்டுக்கும் நிகழ்வுகளுக்கும் மேலும் இரண்டு உண்டு என்றும் சேர்த்தால் சரி.

கேள்வி: “சிபியுக்களுக்குச் சமமாக இணைகளை வையுங்கள்” என்று பரிந்துரைக்கலாமா?

பதில்: காரணத்தோடு பரிந்துரையுங்கள். சிபியுவுக்கு ஓர் இணை இருந்தால் ஒரே வரிசைக்காகப் பல சிபியுக்கள் காத்திருப்பது குறையும். ஆனால் இணைகள் கூடக் கூட ஹோஸ்ட்டின் நினைவகமும் சிபியு நேரமும் செலவாகும். ஒரே டிசிபி இணைப்பில் நடக்கும் பெரிய கோப்புப் பரிமாற்றம் பொதுவாக ஒரே வரிசையில் செல்வதால் இதனால் வேகம் பெறாது.