யேல் பல்கலைக்கழகக் கதை

அன்புள்ள ஐயா,

சமீபத்தில் மதுரையில் ஒரு தன்னம்பிக்கைப் பயிலரங்குக்குப் போயிருந்தேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1953-இல் படித்து முடித்தவர்களில் 3 சதவீதம் பேர்தான் லட்சியத்தை எழுதி வைத்திருந்தார்களாம். இருபது வருடம் கழித்து அந்த 3 சதவீதத்தின் சொத்து மீதி 97 சதவீதத்தின் மொத்தச் சொத்தைவிட அதிகமாம். நானும் குரூப் 2 என்று எழுதி பீரோவில் ஒட்டித்தான் படிக்கிறேன். இரண்டு முறை மெயின்ஸ் வரை போய் கட் ஆஃபில் விட்டுவிட்டேன். என் உறுதிதான் போதவில்லையா?

பெயர் வேண்டாம், உசிலம்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. 1996-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை இதைத் துருவியது. மேடைக்கு மேடை இதைச் சொன்ன பேச்சாளர்கள் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார்கள். பல்கலைக்கழகமும் கைவிரித்துவிட்டது. ஆனாலும் கதை மதுரை வரை வந்துவிட்டது பாருங்கள்! இலக்கை எழுதி வைத்துத் தோற்றவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை, அதுவும் ஒரு காரணம்.

அதற்காக இலக்கே வீண் என்று சொல்லமாட்டேன். எட்வின் லாக், கேரி லாதம் என்ற இரு உளவியலாளர்கள் இதைப் பல ஆண்டுகள் நிஜமாகவே ஆராய்ந்தவர்கள். மரக்கட்டை ஏற்றும் லாரிக்காரர்களிடம் 'முடிந்தவரை ஏற்றுங்கள்' என்று மட்டும் சொன்னபோது, சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 சதவீதம்தான் ஏறியது. '94 சதவீதம்' என்று குறித்துக் கொடுத்ததும் 90-ஐத் தொட்டது. ஆனால் அந்த வேலை அவர்களுக்குக் கைவந்த வேலை. எவ்வளவு ஏற்றுவது என்பதும் அவர்கள் கையில்தான் இருந்தது. உங்கள் கட் ஆஃப் அப்படியா? எத்தனை காலியிடம், பக்கத்து மேஜைக்காரர் எவ்வளவு எழுதினார் என்பதெல்லாம் சேர்ந்து முடிவாகிற எண் அது. அதில் நூலிழையில் தவறியதற்கு உறுதியைக் குறை சொல்வது அநியாயம். இன்னும் பிடிபடாத வேலைக்கு, 'இத்தனை மதிப்பெண்' என்பதைவிட 'இதைக் கற்றுக்கொள்கிறேன்' என்கிற இலக்குதான் உதவுகிறது என்று லாக்கும் லாதமுமே பின்னால் சொன்னார்கள். மெயின்ஸில் விடை எழுதும் பழக்கத்தில் எங்கே மதிப்பெண் போகிறது என்று பாருங்கள்.

மதுரையில் லட்சியம் என்றாலே டாக்டர் வெங்கடசாமியைச் சொல்வோம். சொல்ல வேண்டியவர்தான். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். அவர் ஆக நினைத்தது மகப்பேறு மருத்துவர். முடக்குவாதம் விரல்களை வளைத்துப் போட்டதால் அதை விட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்தார். அதே விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனையை 11 படுக்கைகளோடு தொடங்கியதோ அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு. 25 வயதில் அவரிடம் இலக்கைக் கேட்டிருந்தால் கண் என்ற பேச்சே வந்திருக்காது.

அப்புறம், இன்னொரு முறை எழுதுவதா என்பது மன உறுதியை வைத்து முடிவு செய்கிற விஷயமில்லை. உங்கள் வயது, வீட்டு வருமானம், ஒரு வேலையில் இருந்துகொண்டே படிக்க வழியுண்டா, இவை எதையும் நீங்கள் எழுதவில்லை. வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை முறை வரை முயல்வது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள், ரிசல்ட் வந்த அன்று இதைப் பேச முடியாது.