சார்ட்டர் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா?
அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளிக்குக் கட்டணம் உண்டா, அனுபவம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டணம் இல்லை, அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளிதான், நிர்வாகம் மட்டும் தனி. 1991இல் மினசோட்டா மாநிலம்தான் இதற்கு முதலில் சட்டம் இயற்றியது. இடத்தைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல்; என் மகள் ஓராண்டு காத்திருந்தாள்.

எழுத்துக்கூட்டத் திணறியவளை ஆசிரியை தினமும் பக்கத்தில் உட்காரவைத்து, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படிக்கவைத்தார். அந்த அக்கறையை நான் மறக்கமாட்டேன். ஆனால் பள்ளிப் பேருந்து கிடையாது; தினமும் காலையில் கார் வரிசையில் அரை மணி நேரம் நின்றேன். அடுத்த ஆண்டு, நடுவிலேயே ஆசிரியர் மாறியபோது மகள் அழுதேவிட்டாள்.

சேர்க்கும் முன் வகுப்பறையை நேரில் பாருங்கள். ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.