பாடுவது இப்போது, கேட்பது அப்புறம்

கேள்வி: வீட்டில் லேப்டாப், யு.எஸ்.பி. மைக் வைத்துப் பாடிப் பதிவு செய்கிறேன். மிருதங்க ட்ராக்கை ப்ளூடூத் ஹெட்ஃபோனில் ஓடவிட்டுப் பாடினால் என் குரலே எனக்கு எதிரொலி மாதிரிப் பின்னால் வருகிறது. திரும்பப் போட்டுக் கேட்டால் தாளத்துக்கும் பிந்தி நிற்கிறது. கடைக்காரர் புது லேப்டாப் வாங்கச் சொல்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?
- ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: வேண்டாம். முதலில் அந்த ப்ளூடூத்தைக் கழற்றுங்கள். பாட்டுக் கேட்க அது சரி, பாடுவதற்கு ஆகாது. ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிப்பதிலேயே பெரும்பாலும் 100 மில்லி விநாடிக்கு மேல் போய்விடும். மிருதங்கம் காதுக்கு வருவதே லேட், அதைக் கேட்டு நீங்கள் பாடுவதும் லேட். லேமிங்டன் ரோடு பக்கம் போனால் ஒயர் ஹெட்ஃபோன் ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஒயர் போட்ட பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது பஃபர். மைக்கிலிருந்து வரும் ஒலியை கம்ப்யூட்டர் சொட்டுச் சொட்டாக வாங்காது, குடம் நிறைந்த பிறகுதான் தூக்கும். அதில் விழும் ஒவ்வொரு சொட்டும் ஒரு சாம்பிள், அதாவது ஒலியின் ஒரு அளவீடு. 1024 சாம்பிள் பிடிக்கிற குடம் என்றால் 44,100 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 44,100 சாம்பிள்) அது நிறைய 23 மில்லி விநாடி ஆகும். உள்ளே வர ஒரு குடம், வெளியே போக ஒரு குடம், ஆக 46. ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர்தான் நகரும் என்பதால், சண்முகானந்தா ஹால் மேடையில் பாடிக்கொண்டே சபையில் 16 மீட்டர் தள்ளி உட்கார்ந்து உங்களையே கேட்பது மாதிரி. பஃபரை 128 ஆக்கினால் இரண்டும் சேர்ந்து 6 மில்லி விநாடிக்குள் வந்துவிடும். ரொம்பக் குறைத்தால் லேப்டாப் திணறும், படபடவென்று சத்தம் வரும், அப்போது ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸ் என்றால் ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவர் (குறைந்த தாமதத்தில் ஒலியைக் கடத்தும் இணைப்பு மென்பொருள்) இருக்கிறதா பாருங்கள்.

இதைவிட நல்ல வழி, மைக்கிலேயே ஹெட்ஃபோன் துளை இருந்தால் அதில் செருகுவது. உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமல் நேராகக் காதுக்கு வரும். ஆனால் பதிவு மென்பொருளில் மானிட்டரிங்கை (பாடும்போதே குரலை ஹெட்ஃபோனுக்குத் திருப்பி அனுப்புவதை) அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு குரல் கேட்கும். இதை மறந்துவிட்டு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்வலைசர் மாதிரி ப்ளகின்களும் (ஒலியைச் சீர்படுத்த மென்பொருளில் சேர்க்கும் துணைக்கருவிகள்) தாமதம் சேர்க்கும். அவற்றைப் பாடி முடித்து ட்ராக்குகளைச் சேர்க்கும் மிக்ஸிங்கின்போது போடுங்கள், அப்போது பஃபர் 1024 இருந்தாலும் கவலையில்லை.

இவ்வளவுக்கும் பிறகும் குரல் தாளத்துக்குப் பிந்தினால், தாமதம் எவ்வளவு என்று மென்பொருளுக்கு டிரைவர் தப்புக் கணக்குச் சொல்கிறது என்று அர்த்தம். டிக் டிக் ட்ராக் ஒன்றை ஓடவிட்டு, ஹெட்ஃபோனை மைக்கோடு ஒட்டிப் பிடித்துப் பதிவு செய்யுங்கள். ட்ராக்கில் இருக்கும் டிக்குக்கும் மைக்கில் பதிவான அதே டிக்குக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பெரிதாக்கிப் பார்த்து, அந்த எண்ணை அமைப்புகளில் கொடுத்துவிடலாம். ரீப்பர், ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருள்கள் இரண்டிலும் அதற்கு இடம் இருக்கிறது.

ப்ளூடூத்தில் ஏற்கெனவே பாடியதை அழித்துவிடாதீர்கள். தாமதம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும் என்பதால் குரல் ட்ராக்கை முன்னால் இழுத்து எடுப்பில் (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தில்) பொருத்தினால் பெரும்பாலும் மற்ற இடங்களும் ஒட்டிக்கொள்ளும். எதிரொலியில் குழம்பி நீங்கள் இழுத்துப் பாடிய இடங்களை மட்டும் திரும்பப் பாட வேண்டியதுதான்.