சீன நண்பர் வீட்டுக்குப் பரிசோடு போனால் என்ன சொல்ல வேண்டும்?

இரண்டு கையாலும் நீட்டி, "யீதியென் ஷியாவ் யீஸ" என்று சொல்லுங்கள். 'ஏதோ சின்னப் பொருள்' என்று அர்த்தம். என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் இதுதான் பேச்சு. வீட்டுக்காரர்கள் "லாய் ஜியூ லாய், தாய் ஷென்ம தோங்ஷி!" என்பார்கள். நம்மூர் 'வந்தா வரவேண்டியதுதானே, எதுக்கு இதெல்லாம்?' அப்படியே. மறுப்பதாக நினைத்துத் திரும்ப எடுத்துவிடாதீர்கள். ஓரிரு முறை வேண்டாம் என்பது மரியாதை. "சிங் ஷௌ ஷியா" (தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்) என்று மறுபடி நீட்டுங்கள். உங்கள் முன்னால் பிரிக்காவிட்டால், அதுவும் பழைய வழக்கம்தான்.

ஆப்பிள் நல்லது; அதன் பெயரான பிங்குவோவில் 'பிங்ஆன்', அதாவது நலம், ஒலிக்கிறது. சுவர்க்கடிகாரம் மட்டும் வேண்டவே வேண்டாம். கடிகாரம் கொடுப்பது 'சோங் ஜோங்'. சாகப்போகிறவருக்குக் கடைசிக் கடமை செய்வதற்கும் அச்சு அசலாக அதே உச்சரிப்பு, அதே தொனி.