வீட்டுப் பத்திரத்தை வைக்கும் முன் சைட் ஆபீசைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய அம்மா,

சிவில் இன்ஜினியரிங் முடித்த உங்கள் மகள் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் துறைக்குத்தான் போவேன் என்று உறுதியாக இருப்பதாகவும், அனுபவம் இல்லாதவரை யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று சொல்லி, 12 லட்சம் ரூபாய் செலவாகும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் சேர்த்துவிட உங்கள் அண்ணன் வற்புறுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனாலும் அந்தப் படிப்புக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்காதீர்கள்.

படிப்பை முடித்து வந்த பிறகும் உங்கள் மகளிடம் முதலில் கேட்கப்போவது அனுபவத்தைத்தான். உங்கள் அண்ணன் பெருமையாகச் சொல்லும், புராஜெக்ட் மேனேஜர்களுக்கான சர்வதேசச் சான்றிதழான பிஎம்பியும் நான்காண்டுப் பட்டதாரிகளிடம் பொதுவாக 36 மாதங்கள் திட்டப் பணிகளை வழிநடத்திய அனுபவத்தைக் கேட்கிறது. அதே துறையில் அனுபவமே இல்லாதவர்கள் எழுதக்கூடிய தொடக்கநிலைத் தேர்வான சிஏபிஎம்முக்கு 23 மணி நேரப் பயிற்சி போதும்; அதையும் வேலையில் சேர்ந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.

குடும்பங்கள் பெரும்பாலும் கணக்கிலேயே எடுக்காத ஓர் இடம் இருக்கிறது. அது கட்டுமான சைட்டின் பிளானிங் பிரிவு. அங்கே புதிதாகச் சேருபவர், அன்று எத்தனை கன மீட்டர் கான்கிரீட் போட்டார்கள், கம்பி கட்ட எத்தனை பேர் வந்தார்கள், எந்த வேலை எதனால் நின்றது என்று மேஸ்திரியிடமும் சைட் இன்ஜினியரிடமும் கேட்டு, மாலையில் டெய்லி புராகிரஸ் ரிப்போர்ட் தயாரிப்பார். வரைபடம் தாமதமாக வந்ததா, மழையால் வேலை நின்றதா என்பதெல்லாம் ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர் என்ற தடைப் பதிவேட்டில் தேதியோடு ஏற வேண்டும். பின்னால் கால நீட்டிப்பு கேட்கும்போது ஒப்பந்ததாரருக்குக் கைகொடுப்பது அந்தப் பதிவுதான். கான்கிரீட் போட்ட பின், 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள ஸ்லாபைத் (கூரைத் தளத்தை) தாங்கும் முட்டுகளை 7 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும் எடுக்கக்கூடாது என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456. அப்படியானால் கான்கிரீட் இரண்டு நாள் தள்ளிப்போனால் முட்டு எடுப்பதும், அதையடுத்துச் செங்கல் வேலையும், பூச்சும், கடைசியில் முடிந்த வேலைக்கு அவ்வப்போது போடும் ஆர்ஏ பில்லில் வர வேண்டிய பணமும் எப்படித் தள்ளிப்போகின்றன என்பதை எம்.எஸ். புராஜெக்ட், பிரைமவேரா போன்ற கால அட்டவணை மென்பொருளில் அவரே தேதி மாற்றிப் பார்ப்பார். புராஜெக்ட் மேனேஜர் தினமும் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் இந்தச் சங்கிலியைப் பற்றியவைதான். வகுப்பறையில் இதை விளக்கலாம். ஆனால் வேலை நின்றுபோன சைட்டில், காரணத்தை மறைக்கப் பார்க்கும் சப்-கான்டிராக்டரிடம் உண்மையான தேதியை வாங்கும் பழக்கத்தை அங்கே தர முடியாது.

இந்த இடத்துக்கு நிறுவனங்களிடம் நேரடியாக விண்ணப்பிக்கலாம். கிடைக்காவிட்டால், மத்திய அரசின் நாட்ஸ் தொழிற்பழகுநர் திட்டம் இருக்கிறது; தென் மாநிலங்களுக்கான அதன் அலுவலகம் சென்னை தரமணியில் உள்ளது. 2019ஆம் ஆண்டு விதித்திருத்தம் பட்டதாரிகளுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்று வகுத்தது. தொகை சிறிதுதான், அதை மறைக்கவில்லை. ஆனால் மாதத் தவணை கட்டிக்கொண்டு அனுபவமின்றி நிற்பதையும், கடனின்றி ஓராண்டு அனுபவத்தோடு நிற்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கல்லூரி விழாவின் மேடை, சாப்பாடு, பேருந்து எல்லாவற்றையும் மகள்தான் பட்டியல் போட்டு நடத்தினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலைக்கு வேண்டிய இயல்பு அது. சைட் வேலை பெண்பிள்ளைக்கு ஆகாது என்ற உறவினர் பேச்சை நான் ஏற்கமாட்டேன். தங்குமிடம் எங்கே, இரவு வேலை உண்டா, வண்டி வசதி உண்டா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா என்பவை நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள். மகளை வீட்டில் நிறுத்துவதற்கான காரணங்கள் அல்ல.

அத்துடன் இன்னொன்றையும் மகளே கேட்கட்டும்: முதல் ஆறு மாதம் பிளானிங் பிரிவில் உட்கார வைப்பார்களா, வெறும் பில் நகலெடுக்க வைப்பார்களா? பதில் தெளிவாக இல்லாவிட்டால் வேறு நிறுவனம் பாருங்கள். ஓராண்டு கழிந்து, மேற்படிப்பு வேண்டும் என்று மகளே சொன்னால் அப்போது எழுதுங்கள். எந்தப் படிப்பு, எவ்வளவு கடன் என்று உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.